சட்டைப்பைச் சீப்பு

"தலை பறக்குது பாருங்க. பையிலதான் சீப்பு இருக்குல்லா, எடுத்துச் சீவுனா கொறஞ்சா போயிருவிய?" என்று மனைவி பெர்பெத்து கேட்டபோது மரியவியாகுலம் சட்டைப்பையை வெளியிலிருந்து தொட்டு மட்டும் பார்த்துக்கொண்டார். இருந்தது. கோட்டுக்கும் ஸ்வெட்டருக்கும் அடியில், நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, ஒரு பல் உடைந்த கறுப்புச் சீப்பு. விரலால் தலையைக் கோதிவிட்டு, போதும் என்பதுபோல நின்றார். மூன்று வருஷமாகச் சீப்பு பையிலும் விரல் தலையிலுமாகத்தான் காலம் ஓடுகிறது. சீவாத தலையோடு போலந்து தேசத்துக்குத் திருயாத்திரை வந்த ஆள் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும். எதிரே கல்தொட்டியின் நடுவில் வெண்கல ஆள் ஒருவன் மூன்று முள் ஈட்டியோடு துணியில்லாமல் நின்றான். வழிகாட்டிப் பெண் மார்த்தா மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்து இங்கிலீஷில் ஏதோ சொல்ல, யாத்திரைக் குழுவைக் கூட்டிவந்த நாகர்கோவில் ஆன்றோ அதைத் தமிழாக்கினான்: "இது கடல் தெய்வமாக்கும். இந்தத் துறைமுகத்துக்குக் காவல். ஆன்ட்டிமாரு வேற பக்கம் பாத்துக்கிடுங்க." எல்லோரும் சிரித்தார்கள். பெர்பெத்து சிரிக்கவில்லை. அவள் கையில் லேமினேட் செய்த போட்டோ. அதில் இதே தொட்டிக்கு முன்னால் மகன் ரெக்சன் ஐஸ்கிரீமோடு நிற்கிறான். அவள் போட்டோவையும் தரையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, இரண்டடி இடதுபக்கம் தள்ளி நின்று, "இந்தக் கல்லுலதான் நின்னுருக்கான்" என்றாள். அதோடு விட்டால் பரவாயில்லை. தலையை நிமிர்த்தி, கடந்துபோகிற ஒவ்வொரு முகத்தையும் சலித்தெடுக்கிற மாதிரி பார்க்கத் தொடங்கினாள். வெள்ளைக்காரிகள், குழந்தைகள், பை சுமந்த ஜப்பான்காரர்கள், யாரையும் விடவில்லை. மற்ற இருபது பேருக்கும் இந்த யாத்திரை இறை இரக்க ஆலயத்துக்கும் கறுப்பு மாதாவுக்கும். இவள் பெயர் கொடுத்தது நோட்டீஸில் கடைசியாகப் போட்டிருந்த ஒரு வரிக்காக. க்தான்ஸ்க் நகரம், ஒரு நாள், வழிகாட்டியுடன், காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. இந்த ஊர்க் கப்பல் பட்டறை ஒன்றில்தான் ரெக்சன் வெல்டராக இருந்தான். கப்பலின் பக்கவாட்டில் கட்டிய சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். செத்துப்போனான் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்கள், தூதரகம் எழுதிக் கொடுத்தது, தூத்துக்குடியில் மண் போட்டு மூடியாகிவிட்டது. பெர்பெத்து மட்டும் அந்த வார்த்தையை இன்றுவரை சொன்னதில்லை.

முகம் பார்க்கவில்லையே, அதுதான். அவர்கள் தெருவில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லோரும் முகம் பார்ப்பார்கள், கடைசியில் பெற்றவள். பெற்றவள் நெற்றியில் முத்தி, தலையைக் கோதி, காலரைச் சரிசெய்து, போ ராசா என்று சொன்ன பிறகுதான் ஆணி அடிப்பது. அது நடக்காத சாவை அவள் சாவென்று எப்படி எடுத்துக்கொள்வாள்? "மூடுன பெட்டியக் கொண்டாந்து வச்சாங்க. உள்ள எவன் கெடந்தானோ யாரு கண்டா?" என்று கேட்பாள். கேட்கிறவர்கள் வியாகுலத்தைப் பார்ப்பார்கள். அவர் தரையைப் பார்ப்பார். கல்லறைத் திருநாளுக்குத் தெருவே மெழுகுதிரியோடு கிளம்பும்போது அவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். அவர் ஐஸ்கட்டி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் ஒரு திரி கொளுத்திவிட்டு வருவார். கோயிலில் மரித்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கேட்டால், அவள் மறுத்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக நன்றிப் பூசை என்று எழுதிக் கொடுப்பாள். சாமியாரும் பாவம், அப்படியே வாசித்துவிடுவார். யாரு கண்டா, யாரு கண்டா. அவர் கண்டார். அதுதான் விஷயம். திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு ஆம்புலன்ஸில் வரும் வழியில், வள்ளியூரில் பழைய கூட்டாளி தாசையனின் தகரப் பட்டறையில், நட்டநடு மதியத்தில், டிரைவர் சாப்பிடப் போயிருந்தபோது அவர் பெட்டியைத் திறந்தார். நாற்பது வருஷமாக விசைப்படகுகளுக்கு ஐஸ்பெட்டித் தகடு அடிக்கிற கை. மூட்டில் ஈயம் பற்றவைத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் கசியாது என்று துறைமுகமே சொல்லும். மரப்பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினார், உள்ளே துத்தநாகத் தகடு, சுற்றிலும் ஈய மூட்டு. ஈரச்சாக்கைப் பரப்பிக்கொண்டு, சூடு உள்ளே இறங்கிவிடக்கூடாது என்று விரல் நீளம் விரல் நீளமாக இளக்கினார். சூடு பட்டால் அவனுக்கு நோகும் என்று நினைத்தாரே, அப்போதுகூட. தகட்டைத் தூக்கிப் பார்த்தார். பார்த்தார். தாசையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஷட்டரை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தான். அரை மணி நேரத்தில் தகட்டைப் பழையபடி வைத்து, ஈயம் ஓட்டி, அரம் போட்டு, துடைத்து, மரமூடியை முடுக்கினார். வாழ்நாளில் அவ்வளவு சுத்தமான மூட்டு அவர் வைத்ததில்லை. வீட்டில் மரமூடியைத் திறந்ததும் ஆட்கள் தகட்டை வெட்டு வெட்டு என்றார்கள். திறக்கக் கூடாது, சட்டத்தில் இடமில்லை, நானும் பார்க்கவில்லை என்று சொன்னார். பெர்பெத்து அந்த மூட்டின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள், ஒரு சுற்று, இரண்டு சுற்று. "வெள்ளக்காரன் ஒரு முடி போகக்கூட எடம் விடலையே" என்று அழுதாள். அன்றே சொல்லியிருக்கலாம். அன்று சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை, பிறகு சொல்லுவதற்கு அந்தப் பொய்க்கு வயதாகிவிட்டது.

"இந்த வீடுகள் ஒண்ணும் பழசு இல்ல, கேட்டியளா?" என்றான் ஆன்றோ. தெருவின் இருபுறமும் ஒட்டி ஒட்டி நின்ற குறுகலான வீடுகள், ரோஜா நிறம், பச்சை நிறம், உச்சியில் பொம்மைகள். யுத்தத்தில் ஊரே எரிந்து செங்கல் குவியலாகக் கிடந்ததாம். பிறகு பழைய படங்களைப் பார்த்துப் பார்த்து முன்பு இருந்த மாதிரியே திரும்பக் கட்டினார்களாம். எது மிச்சம், எது புதுசு என்று வெளியாட்களுக்குத் தெரியாது என்று மார்த்தா பெருமையாகச் சொன்னாளாம். வியாகுலம் அண்ணாந்து சுவர்களில் மூட்டைத் தேடினார். தொழில் புத்தி. எங்கேயாவது ஒரு கோடு, ஒரு நிறமாற்றம் தெரியாமலா போகும்? கிடைக்கவில்லை. கெட்டிக்காரப் பயல்கள் என்று நினைத்தார். நினைத்த உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார். மணி பதினொன்றே முக்கால். மாதா கோயிலுக்குள் போனார்கள். வெளியே செங்கல் மலை, உள்ளே வெள்ளை வெளேரென்று, நம்ம ஊர்ப் பனிமய மாதா கோயிலைப்போல நாலைந்தை உள்ளே நிறுத்தலாம். ஒரு ஓரத்தில் ஆள் உயரத்தைப்போல ஏழெட்டு மடங்கில் ஒரு கடிகாரம். தேதி, நிலா, புனிதர்களின் நாள் எல்லாம் காட்டுமாம். அதைச் செய்தவன் வேறு ஊருக்கு இன்னொன்று செய்துவிடக்கூடாது என்று ஊர்க்காரர்கள் அவன் கண்ணைப் பிடுங்கிவிட்டார்களாம். கதைதான், நிஜம் இல்லை என்று ஆன்றோ சேர்த்துக்கொண்டான். கண்ணைப் பிடுங்கினால் பார்த்தது போய்விடுமா? போகாது. கண்ணை மூடினால்தான் வள்ளியூர் இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. இடது கன்னம், காதோரத்துச் சிறு மச்சம், தூங்குகிற பிள்ளையின் உதடு. வலதுபக்கம் முழுக்கத் துணி. "இங்கேருங்க" என்று பெர்பெத்து அவர் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். அவள் குரல் நிதானமாக இருந்தது, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "அஞ்சு மணிக்கு நீங்க அவங்ககூடப் போயிருங்க. நான் வரல." என்ன சொல்கிறாள் என்று முதலில் புரியவில்லை. "பாஸ்போர்ட்டு எங்கிட்ட இருக்கு. ரெண்டு சேலையும் அவன் சட்டையும் இந்தப் பையில இருக்கு. ஒரு நாள்ல எப்படித் தேட? கோயில்ல படுத்துக்கிடுதேன். பட்டற பட்டறயாப் போய்க் கேக்கேன். அடிபட்டு நெனப்பு தப்பி எங்கயாவது கெடக்கானோ என்னமோ, பேரு சொல்லத் தெரியாம." அவர் வாயைத் திறந்தார். அப்போது பார்த்து அந்தப் பாழாய்ப்போன கடிகாரம் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கியது, மேலே பொம்மைகள் வரிசையாகச் சுற்ற ஆரம்பித்தன, கூட்டம் முழுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்தது. அவள் அந்தக் கூட்டத்தில் முகங்களைப் பார்த்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். காலையில் ஓட்டலில் அவள் சாமான்களைத் தனியாகப் பிரித்து வைத்தபோதே கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எதையும் வேளையோடு செய்த மனுஷன் இல்லை அவர்.

ஆற்றங்கரைக்கு வந்தபோது காற்று இன்னும் குளிர்ந்தது. இது மே மாதமாம், நல்ல காலமாம். தண்ணீரின் வாடை மட்டும் தெரிந்த வாடை. டீசலும் பாசியும் துருவும். அந்த வாடையில் ஒரு கணம் அவருக்குத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிற மாதிரியும், திரும்பினால் ரெக்சன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டீ சொல்லப்போகிற மாதிரியும் இருந்தது. கரையில் கறுத்த மரத்தில் பெரிய வீடு ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. பழங்காலத்துப் பாரந்தூக்கி. உள்ளே மரச்சக்கரங்கள் உண்டு, சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், அவர்கள் நடக்க நடக்கக் கயிறு சுற்றி மேலே ஏறும், பாய்மரத்தையே தூக்கி நிறுத்தலாம் என்று ஆன்றோ சொன்னான். "எவ்வளவு நடந்தாலும் நின்ன எடத்துலதான் நிப்பாங்க அங்கிள்" என்று சிரித்தான். வியாகுலமும் சிரித்துவைத்தார். சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம். சாப்பிட்டதும் சொல்லலாம், வெறும் வயிற்றில் வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்து யாத்திரைக்காரர்கள் கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தார்கள். பெர்பெத்து இரண்டு வாய்கூட வைக்கவில்லை. ஆற்றுக்கு அப்புறம், கட்டடங்களுக்கு மேலே, பட்டறைப் பாரந்தூக்கிகள் பச்சையாகத் தலைநீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் எதற்கு அடியில்? அவர் எண்ணிப்பார்த்தார், பாதியில் விட்டார், மறுபடி முதலிலிருந்து எண்ணினார். சொன்னால் என்ன ஆகும்? அவளிடம் மிச்சம் இருப்பது அந்த ஒன்றுதான், அதையும் பிடுங்கினால் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? சொல்லாவிட்டால் இந்த ஊரில், மொழி தெரியாமல், சேலையோடு, வெள்ளைக்காரன் வீட்டு வாசல் வாசலாக அலைவாள். போலீஸ் பிடித்துப்போகும். அல்லது பிடிக்காது, அது இன்னும் மோசம். அவர் இந்தக் கணக்கில் இருக்கும்போது பக்கத்தில் துணி சரசரவென்றது, திரும்பினால் அவள் இல்லை. "ரெக்சா! ஏ ரெக்சா!" கரையோரக் கல்பாதையில் ஓடிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு சைக்கிள்காரன், முதுகில் சதுரமான சாப்பாட்டுப் பை, கறுப்புத் தலை, அகலத் தோள். பின்னாலிருந்து பார்க்க அவருக்கே ஒரு நொடி அவன்தான் என்று தோன்றியது. எல்லாம் தெரிந்த அவருக்கே! அவரும் ஓடினார். அவள் அவன் பையைப் பிடித்து இழுத்து, அவன் தடுமாறிக் காலூன்றித் திரும்பினான். முப்பது வயசிருக்கும், நேபாளத்து முகம். அவள் பிடித்த பிடியை விடவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் கொஞ்சம் பார்த்தால் மாறிவிடும் என்பதுபோல. பிறகு போட்டோவை நீட்டினாள். அவன் கோபப்படவில்லை, வாங்கிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்து, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, கும்பிட்டுவிட்டுப் போனான். "இவன் இல்ல" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஆனா பாத்தியளா, நம்ம ஊரு மாதிரி ஆளுங்க நெறய இருக்காங்க." அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. வியாகுலத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இந்தச் சந்தோஷத்தை அவர்தான் செய்தார், தன் கையால், ஈயம் ஓட்டி, அரம் போட்டு.

நாலரை மணிக்குக் கடைசி இடம். கப்பல் பட்டறையின் பழைய வாசல், அதற்கு முன்னால் திறந்த சதுக்கம், நடுவில் மூன்று சிலுவைகள். சிலுவை என்றால் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரம்; இரும்பு, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு நங்கூரம் அறைந்திருந்தது. விலைவாசியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த பட்டறைத் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றார்களாம், ஐம்பது வருஷத்துக்கு முன்னால். அவர்களுக்காக அவர்களுடைய ஆட்களே பற்றவைத்து நிறுத்திய சிலுவைகளாம். அடியில் பூக்கள், சிவப்புக் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் மெழுகுதிரிகள், சில எரிந்தும் சில அணைந்தும். அந்தப் பக்கம் பேருந்து வந்து நின்று கதவைத் திறந்துவைத்திருந்தது. ஆன்றோ தலை எண்ணத் தொடங்கினான். பெர்பெத்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மெல்லப் பின்னால் நகர்ந்தாள். ஒரு அடி. இரண்டு அடி. கூட்டத்துக்கும் அவளுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது. அவர் சிலுவையின் அடியில் இரும்பு மூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், மொத்தமான, கரடுமுரடான மூட்டு, பற்றவைத்த இடம் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது, ஒருத்தனும் அரம் போட்டு மறைக்கவில்லை. அவர் திரும்பினார். "பெர்பெத்து, நான் அவனப் பாத்தேன்." அவள் சடாரென்று சுழன்றாள். "எங்க? எந்தப் பக்கம்?" கண்கள் சதுக்கத்தைச் சுற்றி ஓடின, முகம் முழுக்க வெளிச்சம். கடவுளே, இப்படியா ஆரம்பிப்பது. இனி நிறுத்தினால் இந்த ஜென்மத்தில் முடியாது. "வள்ளியூர்ல" என்றார். "தாசையன் பட்டறையில. பெட்டியத் தெறந்து பாத்தேன். நான்தான் திரும்பவும் பத்தவச்சேன். அந்த மூட்டு வெள்ளக்காரன் வச்சது இல்லளா. நான் வச்சது."

அவள் முகத்து வெளிச்சம் உடனே போய்விடவில்லை. யாரோ வீட்டைக் காலிசெய்துகொண்டு போகிற மாதிரி அறை அறையாகப் போனது. ஆன்றோ அங்கிருந்து, "ஆன்ட்டி, வண்டி ரெடி" என்று கூப்பிட்டான். "அவன்தானா?" என்று கேட்டாள். "அவன்தான். காதுகிட்ட மச்சம் இருந்துச்சு." "மொகம்?" "எடப்பக்கம் தூங்குத மாதிரி இருந்துச்சு." "வலப்பக்கம்?" "துணி சுத்தியிருந்தாங்க. நான் அவுக்கல. ஒன்னால தாங்க முடியாதுன்னுதான்..." "கண்ணு?" "மூடியிருந்துச்சு." "என்ன சட்ட?" "வெள்ள. அவங்க போட்டது." அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரியே இருந்தது. "தல?" அவர் கை சட்டைப்பைக்குப் போனது. "சீவாம அப்படியே கெடந்துச்சு. நான் சீவிவிட்டேன். வகிடு எடுத்து, நல்லா." அவள் முகம் அப்போதுதான் உடைந்தது. "அவன் வகிடு எடுக்க மாட்டானே. மேலாக்கத்தான சீவுவான், பத்தாப்பு முடிச்சதுலருந்து" என்றாள். "ஒங்களுக்கு அதுகூடத் தெரியாதே. ஒங்க கையிலயா போகணும் எம் பிள்ள." இரண்டு கையையும் மடக்கி அவர் நெஞ்சில் குத்தினாள், ஒன்று, இரண்டு, சட்டைப்பை இருக்கிற இடத்திலேயே. "நீங்க மட்டும் பாத்துக்கிட்டியளே! மூணு வருசமா நீங்க மட்டும் வச்சுக்கிட்டியளே அந்த மொகத்த!" அவர் ஸ்வெட்டருக்குள் கையைவிட்டுச் சீப்பை எடுத்து நீட்டினார். "அன்னைக்கப்புறம் தொடல" என்றார். அவள் வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பல்லுக்குப் பல் பார்த்தாள். உடைந்த பல்லுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தலையில் கறுப்பு முடி போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அவள் சீப்பை அந்த முடியோடு பாஸ்போர்ட் இருந்த பர்ஸிலேயே வைத்து மூடி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

ஆன்றோ பக்கத்தில் வந்து, ஒன்றும் விளங்காமல், ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் விளங்கி, தள்ளி நின்றான். பெர்பெத்து தோளிலிருந்து பையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். "இதையும் வண்டியில வச்சிருங்க தம்பி. அந்தப் பொண்ணுகிட்டக் கேளுங்க, மெழுகுதிரி எங்க கெடைக்கும்னு." மார்த்தா கேள்வி எதுவும் கேட்கவில்லை, குடையை மடக்கிக்கொண்டு சதுக்கத்தின் மூலையிலிருந்த பூக்கடைக்குப் போய்ச் சிவப்புக் கூண்டில் ஒரு திரியும் தீப்பெட்டியும் வாங்கிவந்து அவள் கையில் வைத்தாள். பேருந்தில் எல்லோரும் ஏறியாகிவிட்டது. பெர்பெத்து சிலுவையின் அடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து குச்சியைக் கிழித்தாள். காற்று அணைத்தது. இன்னொன்று. அதுவும் போயிற்று. மூன்றாவது குச்சிக்கு வியாகுலம் குனிந்து இரண்டு உள்ளங்கையையும் குவித்து வளைத்தார். காற்றுக்குத் தீயை மறைக்கத் தெரியாத கையா அது. திரி பிடித்துக்கொண்டது. ஆனாலும் கூண்டின் மூடியை இன்னும் போடவில்லை, அது ஆடிக்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "கைய எடுத்துராதீங்க" என்றாள்.